தள்ளிப்போன நீலக் கோடு

அந்த நீல மார்க்கர் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. மை எப்போதோ காய்ந்துவிட்டது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்த்தால் எரிச்சலும் வருகிறது.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். பெயிண்ட் ஷாப் அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர்; பத்து வருடமாகச் சர்க்கரை. ஒரு திங்கட்கிழமை ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டினார். கட்டைவிரலடியில் புண், சுற்றிலும் சிவப்பு. "இன்னா சிஸ்டர் இப்டிப் பாக்குறீங்க? துளி வலி இல்ல. வலிச்சாத்தான பெரிசு?" என்றார். வலிக்காததுதான் எனக்குப் பயம். சர்க்கரை நரம்பை மரத்துப்போக வைத்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "அட்மிட் பண்ணிடுவாங்க சிஸ்டர். மாசக் கடைசில கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறாங்க. இப்ப லீவு போட்டா என் எடத்துல வேற ஆள் வந்துடுவான்" என்று கெஞ்சினார். பாவம் பார்த்தேன். சிவப்பின் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டேன். "நாளைக்குச் சிவப்பு இதைத் தாண்டியிருந்தா பேச்சே கிடையாது, நேரா ஆஸ்பத்திரி" என்றேன்.

மறுநாள் சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருந்தது. ஆனால் கோடு? நேற்று விரல் மடிப்போடு நின்றதாக நினைவு. இன்று பாதத்தின் நடுவில் ஓடியது. என் கோடா இவ்வளவு கோணல்? காலில் பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசம் வேறு. பெயிண்ட் ஷாப் ஆளிடம் வேறென்ன வாசம் வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். குழப்பத்தோடே கட்டு மாற்றி அனுப்பினேன். புதன்கிழமை குளிர்காய்ச்சலில் நடுங்கியவரைத் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாரே என்று முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. பூசணிக்காய் என் கண்ணெதிரில்தானே இருந்தது! நான் ஏமாந்தேனா, ஏமாற இடம் கொடுத்தேனா? எத்தனை யோசித்தாலும் பிடிபடவில்லை.

சில மாதம் கழித்துச் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், ஊன்றுகோலோடு நின்றார். கேட்டேவிட்டேன். "அண்ணே, அந்தக் கோட்டை அழிச்சு வரைஞ்சது நீங்கதானே?"

"ஆமா சிஸ்டர். தின்னர்ல தொடச்சிட்டு, பொண்ணோட ஸ்கெட்ச் பேனால தள்ளி வரஞ்சேன்." சங்கடமாகச் சிரித்தார். "நீங்க அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேன். ஒங்ககிட்ட வாயத் தொறந்து பொய் சொல்ல எனக்கு வராது."

இப்போதெல்லாம் கோடு போட்டதும் அளவெடுத்து, போனில் படமும் பிடித்துக்கொள்கிறேன். டிராயரை இழுத்தால் அந்த மார்க்கர் உருண்டு முன்னால் வருகிறது. ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க அன்று எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.