காளிமுத்தண்ணன் கையில் தாங்குகோல்

1. கிடைத்த மீனும் கெட்ட பெயரும்

"மீன் பிடிக்க நான் வந்தேனா, ஒன் ஆளு வந்தானா?" என்று இன்ஜினியர் ஐயா என்னிடம் கத்தியபோது, அவர் காலடியில் ஒரு பெரிய கொடுவா மீன் துள்ளிக்கொண்டிருந்தது. மீன் கிடைத்ததற்காகத் திட்டு வாங்கியவன் இந்தப் பக்கத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஐம்பதுகளில் மணமேல்குடிப் பக்கம் ஒரு டிராவலர்ஸ் பங்களாவில் நான் தினக்கூலி. சமைப்பது, பெருக்குவது, வருகிற ஆபீசர்களுக்கு வேண்டியதை ஏற்பாடு செய்வது எல்லாம் என் தலையில். என்னை பெர்மனென்ட் ஆக்குவது இன்ஜினியர் ஐயா கையில் இருந்தது. அவருக்கோ ரீல் வைத்த தூண்டில் என்றால் உயிர். ஆறு கடலில் சேருகிற இடத்தில் கொடுவா கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, இடம் காட்ட ஆள் பிடிக்கச் சொன்னார்.

வெள்ளாற்று முகத்துவாரத்தில் காளிமுத்தண்ணனை மிஞ்சி மீன் பிடிக்கிறவர் கிடையாது. அவரையே அமர்த்தினேன். சரியான இடத்தில்தான் படகை நிறுத்தினார். மீனும் கடித்தது. ஐயா ரீலைச் சுற்ற ஆரம்பித்ததும், "விடுங்கய்யா, கை நோகும்" என்று தூண்டிலைப் பிடுங்கி, அதன் நரம்பைக் கையாலேயே இழுத்து மீனைப் படகில் போட்டுவிட்டார்.

கரைக்கு வந்ததும் அவரோடு சண்டைக்குப் போனேன். "வந்தவக கை நோக இழுக்கணும்னா, நா எதுக்குடா கூட வாரேன்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

2. இரண்டாவது தடவை

அடுத்த மாதம் ஐயா மறுபடி வந்தார். "இந்தத் தடவையும் இப்படின்னா, பங்களாவுக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். வேறு வழிகாட்டி தேடினேன். காளிமுத்தண்ணன் அளவுக்கு அந்தத் தண்ணீர் தெரிந்தவர் கிடைக்கவில்லை.

யோசித்து, படகின் நங்கூரத்தைக் கரையிலேயே விட்டுவிட்டேன். "அண்ணே, நீங்கதான் தாங்குகோல ஊனிப் படக நிறுத்தணும். விட்டீங்கன்னா தண்ணி ஓட்டம் இழுத்துட்டுப் போயிரும்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

மீன் கடித்ததும் மனுஷன் பட்ட பாடு சொல்லி முடியாது. "நரம்ப லூசா விடுங்கய்யா... இப்ப இழுங்க... இங்கிட்டு, இங்கிட்டு" என்று காலை உதைத்தார். கோலை மட்டும் விடவில்லை. ஐயா வேட்டி நனைய மல்லுக்கட்டினார். படகை ஒட்டி வந்த மீன், ஒரு துள்ளலில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது.

என் வேலையும் அதோடு போயிற்று என்று நினைத்தேன். ஐயா உட்கார்ந்து, சிவந்து போன உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு காளிமுத்தண்ணனிடம் கேட்டார்: "அடுத்த மாசம் எப்ப தண்ணி நல்லாருக்கும்?"

அந்த வருஷமே நான் பெர்மனென்ட் ஆனேன்.

வழிகாட்டி அமர்த்தப் போகிற தம்பிகளே, எத்தனை மீன் பிடிப்பார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். அடுத்தவர் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா என்றும் கேளுங்கள். லேசில் வருகிற காரியம் இல்லை அது. பின்னாளில் எனக்குக் கீழே ஆட்கள் வந்தபோது, அவர்கள் அடுப்பில் தடுமாறுகையில் எனக்கும் கை துறுதுறுக்கும். வாசல் தூணை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.