பேர் எடுத்தாச்சு

எனக்கு வாய் நீளம். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் துர்கா யார் என்று கேட்டுப் பாருங்கள், கடைக்கு வழி சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் இந்தத் தேர்தலில் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும் என்றால், முதலில் ரெஜினா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டீச்சர் என்றால் அங்கன்வாடி டீச்சர். ஐம்பத்திரண்டு வயது. காலையில் இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து, முட்டை உரித்துக் கொடுத்து, தூங்க வைப்பார். மதியத்துக்கு மேல் ஓட்டர் லிஸ்ட் வேலை. இந்த முறை சரிபார்ப்பு ஒரேயடியாகக் கடுமை. ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஆளுக்கொரு படிவம். வீடு வீடாகப் போய்க் கொடுத்து, நிரப்ப வைத்து, திரும்ப வாங்கி, செல்போனில் ஏற்ற வேண்டும். முட்டியில் ஜவ்வு தேய்ந்த மனுஷி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் "மாதாவே, மாதாவே" என்று முனகிக்கொண்டே ஏறுவார்.

போன இடத்தில் மரியாதையா கிடைக்கும்? "எங்க பேரையெல்லாம் தூக்கத்தானே வந்திருக்கீங்க?" என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான்.

"இல்லிங்க. வுட்டுப் போயிடக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன். ஃபாரத்தை மட்டும் குடுத்துடுங்க" என்றார் டீச்சர். நானாக இருந்தால் அந்த ஃபாரத்தை அவன் தலையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.

மார்கழியில் வரைவுப் பட்டியல் வந்தது. டீச்சர் பொறுப்பில் இருந்த பாகத்தில் எழுபத்தொரு பெயர்கள் நீக்கம். இறந்தவர்கள், ஊர் மாறியவர்கள், மூன்று தடவை போயும் வீடு பூட்டியே இருந்தவர்கள். டீச்சர் அந்த எழுபத்தொரு பேரையும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து என் கடைச் சுவரில் ஒட்டினார்.

"ரேஷன் கார்டு, ஆதார்னு எல்லாரும் உன் கடைக்குத்தான் வர்றாங்க துர்கா. இதுல உசுரோட இருக்கறவங்க யாரு வந்தாலும் கையோட என்கிட்ட அனுப்பு. மனு எழுதி சேத்துடலாம். ஒரு மாசம்தான் டைம் இருக்குது."

"நீங்க போங்க டீச்சர். நான் பாத்துக்கறேன்" என்றேன். சும்மா சொல்லவில்லை. பதினோரு பேரை அனுப்பினேன். அந்த ஒரு மாதமும் கடையில் இதே பேச்சு. "எங்க அப்பா பேரை எடுத்துட்டாங்க", "எங்க வூட்ல ரெண்டு பேரை எடுத்துட்டாங்க" என்று வருவார்கள். கேட்டுக் கேட்டு, பேர் எடுத்தாச்சு என்றால் போச்சு என்றுதான் என் காதில் விழும்.

மதலேனா அக்காவுக்கு அது அப்படி இல்லை. அவர் பேட்டையில் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர். சூளையில் வேலை பார்த்த புருஷன் காஸ்பர் போய்ச் சேர்ந்த பிறகு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு மாதம் குடில் பொம்மை வேலை. விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவார். டீச்சர் போன மூன்று தடவையும் பூட்டு தொங்கியதற்கு அதுதான் காரணம். வெள்ள நிவாரணத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து பேர் எடுத்தார்கள், விதவை உதவித்தொகைக்குப் பேர் எடுத்தார்கள், வீட்டுமனைக்குப் பேர் எடுத்தார்கள். அவரைப் பொறுத்தவரை பேர் எடுப்பது என்றால் எழுதிக்கொண்டு போவது. அதற்கு வேறு அர்த்தம் ஒன்று உண்டு என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது கடைக்கு வந்தார்.

"கண்ணு, நான் வேலைக்குப் போயிருந்தப்ப ஓட்டுக்கு யாரோ வந்துட்டுப் போனாங்களாம். என் பேரை எடுத்துட்டாங்களான்னு பாத்து சொல்லேன்."

மெஷினில் பேப்பர் சிக்கி, ஒரு கை அதற்குள்ளே இருந்தது. கழுத்தை நீட்டிச் சுவரைப் பார்த்தேன். மதலேனா, கணவர் காஸ்பர் என்று இருந்தது.

"ஆமாக்கா, எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? அப்பாடி! மாதாவே, தோத்திரம்!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். "பேரு இல்லன்னா ரேஷன் கிடையாது, மாசப் பணமும் நின்னுடும்னு பேட்டையில சொல்றாங்கம்மா. ராவெல்லாம் தூக்கமே இல்ல."

ரேஷனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதையாவது சொல்லியிருக்கலாம். பேரை நீக்கிவிட்டார்கள் என்று சொல்கிறேன், சிலுவை போட்டுக்கொள்கிறதே, இது என்ன பொம்பளை என்று மனதுக்குள் ஓடத்தான் செய்தது. அதற்குள் ஒரு ஆள் மேஜையைத் தட்டி, "எம்மா, எவ்ளோ நேரம்?" என்று கத்தினான். அவனுக்குப் பதில் கொடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா சாலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் காது கேட்டிருக்கும். எரிச்சலில் விட்டுவிட்டேன். அதோடு மறந்தும் போனேன், பாவி.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. கடைசி நாளன்று நொண்டிக்கொண்டே நாலாவது தடவையாக அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு பானுமதி, "அவங்க துர்கா கடையிலயே போயி பாத்துட்டு வந்துட்டாங்க டீச்சர், எல்லாம் ஆயிடுச்சாம்" என்று சொல்லியிருக்கிறாள். பேர் சேர்க்கிற முகாமில் மனு கொடுத்திருப்பார் என்று நினைத்து டீச்சர் திரும்பிவிட்டார்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. பள்ளிக்கூட வாசலில் மேஜை போட்டு டீச்சர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். நான் வரிசையில் நின்றேன். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற நீலப் புடவையில் மதலேனா அக்கா வந்தார்.

"சிலிப்பு எனக்கு வரல டீச்சர். பேரு இருக்குது, நீங்க நம்பரு மட்டும் குடுங்க."

டீச்சர் ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி பார்த்தார். "பேரு இல்லையேக்கா" என்றார்.

"இல்லாம எப்படிப் போவும்? எடுத்தாச்சுன்னு துர்கா பாத்து சொல்லுச்சே!"

டீச்சர் நிமிர்ந்து வரிசையில் நின்ற என்னைப் பார்த்தார். ஐயோ, அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. முன்னால் போய், "நான் சொன்னது தப்பு" என்று சொல்ல எத்தனை அடி? பத்து அடி இருக்குமா? கால் நகரவில்லை. கூட்டத்தில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே, "பாருங்கய்யா, இந்த டீச்சர்தான் பேரைத் தூக்கினது!" என்று கத்தினான். நாலு பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

டீச்சர் எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுக்கா. நாலாவது தடவை நான் உங்களைப் பாத்துட்டுத்தான் திரும்பியிருக்கணும்."

வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். உள்ளே போய் ஓட்டும் போட்டுவிட்டு வந்தேன். அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் விரலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்க வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. விளக்கம் கேட்டு டீச்சருக்குக் கடிதம் வந்தது. பதில் எழுதி, அதை நகல் எடுக்க என் கடைக்கே வந்தார். மெஷினில் வைக்கும்போது படித்தேன். வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டாரின் பேச்சை நம்பியது என் கவனக்குறைவு என்று இருந்தது. கடையைப் பற்றி ஒரு வரி இல்லை.

"ஏன் டீச்சர் என்னைப் பத்தி எழுதல?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"எழுதினா மட்டும் அந்தம்மாவுக்கு ஓட்டு வந்துடுமா? நீ அழுவாத. அடுத்தது உள்ளாட்சி எலெக்‌ஷன் வருது. மனு குடுத்து பேரை சேக்கற வழியப் பாப்போம்."

அன்று சாயங்காலமே கடையைச் சாத்திவிட்டு, சேர்ப்புப் படிவமும் பேனாவுமாக அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எடுத்தாச்சு என்று நான் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். ரேஷன் நிற்காது, மாதப் பணமும் நிற்காது என்றும் சொன்னேன்.

"அப்ப நான் சந்தோசப்பட்டுகிட்டு போனத நீ பாத்துகிட்டுதான் இருந்தியா?"

"ஆமாக்கா."

"கூப்பிடணும்னு தோணலியா?"

"தோணுச்சுக்கா. கூப்புடல."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்திருப்பேன். படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்து, "பேரு மதலேனா, கணவர் காஸ்பர்..." என்று எழுத ஆரம்பித்தேன். என் கையை மெதுவாகப் பிடித்து நகர்த்தினார்.

"நீ எழுதாத கண்ணு. ஃபாரத்த அங்க வச்சிட்டுப் போ. டீச்சர் வரட்டும்."