ஆமென் வரும்வரை மழை காத்திருக்குமா?

போன வியாழக்கிழமை மாலை உத்திரமேரூர் பக்கத்தில் மானாம்பதியில் ஒரு வீட்டு ஜெபம். எங்கள் சபையைச் சேர்ந்த கிரேஸ் அக்கா கூப்பிட்டிருந்தார். கணவர் இறந்த பிறகு ஒரு ஏக்கரில் தனியாகவே பயிர் வைத்து, முதல் முறையாக அறுத்திருக்கிறார். நெல் வீட்டுக்குப் பின்னால் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"நெல்லு நல்லபடியா போய்ச் சேரணும் சிஸ்டர். அதுக்குத்தான் ஜெபம்" என்றார். ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

பத்துப் பேர் பாயில் உட்கார்ந்தோம். சபை மூப்பர் சாலமோன் ஐயா ஜெபத்தை ஆரம்பித்தார்.

நல்ல மனிதர். ஆனால் ஜெபத்தை ஆரம்பிக்கத்தான் தெரியும், முடிக்கத் தெரியாது. முதலில் உலக சமாதானம். பிறகு தேசத் தலைவர்கள். பிறகு வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள்... நெல் எப்போது வரும்? ஜெபம் இன்னும் உத்திரமேரூருக்கே வந்து சேரவில்லை.

அப்போதுதான் இடி இடித்தது.

ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். (நீங்களும் திறப்பீர்கள், எனக்குத் தெரியும்.) ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. சுற்றிப் பார்த்தால், என்னைப் போலவே இன்னும் நாலு பேர் ஒற்றைக் கண்ணோடு! ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் எழவில்லை. ஜெபத்துக்கு நடுவில் எழுந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

பின்வாசலில் பக்கத்து நிலத்துக்காரர் முனுசாமியின் குரல். "யக்கா, மழ வருது. உள்ள இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

ஐயா குரலை உயர்த்தினார். சத்துரு ஜெபத்துக்கு இடையூறு செய்கிறான் என்று ஆண்டவரிடம் புகார் வேறு. சத்துருவா... முனுசாமியா?

கிரேஸ் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். ஓடினார். அவர் எழுந்த பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

களத்தில் முனுசாமியும் அவர் மனைவியும் தங்கள் வீட்டுத் தார்ப்பாயைக் கொண்டுவந்து விரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆறு பேர் கையாலும் முறத்தாலும் நெல்லைக் கூட்டிக் குவித்தோம். மூடி, ஓரத்தில் கல் வைக்கும்போது மழை கொட்டியது. ஒரு ஓரம் நனைந்தது. மற்றதெல்லாம் தப்பியது.

சொட்டச் சொட்ட உள்ளே வந்தால், ஐயா அப்போதுதான் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு வந்திருந்தார்.

டீ போடும்போது கேட்டேன். "ஜெபத்தைப் பாதியில விட்டுட்டு எப்படிக்கா ஓடினீங்க?"

"எங்க வுட்டேன்? 'ஆண்டவரே, மூடற வரைக்கும் தாங்கு'ன்னு கேட்டுக்கினுதான ஓடனேன்" என்றார், டீயை வடிகட்டியபடி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயா சாட்சி சொன்னார். நாம் ஜெபித்தோமாம், கர்த்தர் நெல்லைக் காத்தாராம். தார்ப்பாயைப் பற்றி ஒரு வார்த்தை? இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த கிரேஸ் அக்கா மெதுவாக எழுந்தார்.

"ஐயா, கர்த்தர் முனுசாமியத்தான் அனுப்பனாரு. அந்தப் பேரையும் சொல்லிடுங்க."

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மைக்கை நெருங்கி, "முனுசாமி குடும்பத்துக்காகவும் ஸ்தோத்திரம்" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதிலேயே சுருக்கமான ஜெபம் அதுதான்.

மறுநாள் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொண்டார்கள். அக்காதான் போனில் சொன்னார்.

எனக்கு மட்டும் எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஐயா மேல் இல்லை, அவராவது ஜெபித்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.