ரப்பர் வளையத்தில் ஒரு நூல்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தண்ணீர்க் குட்டை ஓரத்தில் நடந்தது இது. எங்கள் குடும்பத்தைத் தாண்டி வெளி ஆட்கள் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாக இருந்ததுதான் காரணம்.

நான் குந்தா பக்கம் நீர்மின் நிலையம் ஒன்றில் ஃபிட்டர். கையில் வேலை இல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மிக்சி, தண்ணீர் மோட்டார், கடிகாரம் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர், தானே செய்த மூன்றடி நீளப் பொம்மை நீர்மூழ்கிக் கப்பலை ரிமோட்டை வைத்து ஏரியில் முழுக வைத்து, சுற்ற வைத்து, மேலே வர வைத்தார். அன்றிலிருந்து அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

பிவிசி குழாயில் உடம்பு, ஃபைபரில் மூக்கும் வாலும் என்று மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். சாதாரண பொம்மை காரின் ரிமோட் தண்ணீருக்குள் எடுபடாது என்பதையே ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீருக்குள்ளும் சிக்னல் போகிற பழைய வகை ரிமோட் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். மாடு குதிரைக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சு ஒன்றை உள்ளே வைத்து, அதன் தண்டை மோட்டாரால் இழுத்தால் தண்ணீர் உள்ளே வந்து கப்பல் முழுகும், தள்ளினால் தண்ணீர் வெளியேறி மேலே வரும். இதுதான் ஏற்பாடு. வேலை செய்தது. ஆனால் ஒரே ஒரு குறை. முழுகும்போது வால் முதலில் இறங்கி, மூக்கு வானத்தைப் பார்க்கும். எத்தனை ஈயத் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் அது நேராக முழுகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அவர் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஷெட்டில் என் கப்பலைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, இது எப்படிங்க முங்குது?" என்று கேட்டார்.

நானும் பெருமையாக ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினேன். அவர் ஒரு நோட்டில் படம் வரைந்துகொண்டார். பிறகு வாரம் இரண்டு முறையாவது போன் வரும். அந்தப் பசை எங்கே கிடைக்கும், தண்ணீர் கசியாமல் இருக்க என்ன கிரீஸ் போட வேண்டும், இப்படி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற சுகம் எனக்குப் பிடித்திருந்தது.

ஏழே மாதத்தில் அவர் ஒரு வீடியோ அனுப்பினார். ஃபேக்டரித் தொட்டியில் அவருடைய கப்பல், தட்டில் வைத்து இறக்கியது போல் நேராக, ஆடாமல் முழுகியது. மேலே வரும்போதும் அப்படியே. நான் அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. முன்பக்கம் ஒரு சிரிஞ்சு, பின்பக்கம் ஒரு சிரிஞ்சு, நடுவில் ஒரே மோட்டார். இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தண்ணீர் ஏறும். அவ்வளவுதான். மூன்று வருடமாக என் புத்திக்கு எட்டாத விஷயம் இவ்வளவு சின்னதா! 'சூப்பர்' என்று பதில் அனுப்பிவிட்டு, அன்று முழுவதும் மனைவியிடம் சிடுசிடுவென்று இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மாமனார் வீட்டில் எது பழுதானாலும் "பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்பார்கள். பதினைந்து வருடமாக அந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதையே அதுதான். அந்த வருடம் பொங்கலுக்குப் போனபோது, மாமனார் வீட்டு கீசர் ஏற்கெனவே சரியாகியிருந்தது. "சின்ன மாப்பிள்ளை வந்து அரை மணி நேரத்துல பார்த்துட்டாருங்க" என்றார் மாமனார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மே மாத லீவுக்கு எல்லோரும் சகலை வீட்டில் கூடினோம். இரண்டு கப்பல்களையும் ஒன்றாகக் குட்டையில் விட வேண்டும் என்பது சகலையின் ஆசை. எஸ்டேட் ஆபீசில் சொல்லி அனுமதியும் வாங்கிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காலை பத்து மணிக்கு மாமனார், மாமியார், குழந்தைகள், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து முப்பது நாற்பது பேர் என்று குட்டைக் கரையில் திருவிழாக் கூட்டம்.

முதலில் என்னுடையதை விட்டேன். போனது, திரும்பியது, முழுகியது. வழக்கம்போல் மூக்கைத் தூக்கிக்கொண்டு முழுகியது. கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர், "வாத்து தலைகீழா முங்குற மாதிரி இருக்குதுங்க" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்து சகலையின் முறை. மின்சாரச் சாமான்கள் எல்லாம் நடுவில் ஒரு குழாய்க்குள் இருக்கும். அந்தக் குழாயின் மூடியில் ஒரு ரப்பர் வளையம். தண்ணீர் உள்ளே போகாமல் காப்பது அதுதான். அவர் பேட்டரியை மாட்டிவிட்டு, வளையத்தைத் துணியால் துடைத்து கிரீஸ் தடவினார். பிறகு மூடியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே போட்டுடுங்கண்ணா. உங்க கை பட்டாத்தான் எனக்கு தைரியம்."

வாங்கினேன். வளையத்தின் மேல் விரலை ஓட்டியபோது ஏதோ நெருடியது. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். துடைத்த துணியிலிருந்து ஒரு நூல். தலைமுடி கனம்கூட இருக்காது. வளையத்துக்குக் குறுக்கே கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நூல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். என் கப்பலிலேயே ஒருமுறை அப்படி நடந்திருக்கிறது. நகத்தால் தட்டிவிட்டால் போதும்.

"என்னங்கண்ணா, ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். மூடியைப் போட்டு இறுக்கினேன்.

இதை யோசித்துச் செய்தேனா, யோசிக்காமல் செய்தேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான் செய்தேன். அந்த இரண்டு மூன்று விநாடிகள் எனக்குப் போதுமானதாக இருந்தன.

முதல் முறை அது அழகாக முழுகி எழுந்தது. கூட்டம் கை தட்டியது. இரண்டாவது முறை கரையை ஒட்டி ஒரு வட்டம் அடித்து, முழுகி, பத்தடி தள்ளி எழுந்தது. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். இன்னும் தண்ணீர் ஏறவில்லையே என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆமாம், எரிச்சல்தான். அந்த அளவுக்கு இருந்தது என் மனம்.

மூன்றாவது முறை குட்டை நடுவில் முழுகியது. மேலே வரவில்லை. சகலை ரிமோட்டின் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். நாலைந்து குமிழிகள் வந்தன. பிறகு அதுவும் நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டிருந்த முகம் மெல்ல மாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சட்டையைக் கழற்றிவிட்டு அவர் தண்ணீரில் இறங்கினார். மலைத் தண்ணீர், மே மாதத்திலும் எலும்பைக் கடிக்கும். அடியில் முழங்கால் அளவு சேறும் பாசியும். காலால் துழாவித் துழாவித் தேடினார். என் கொழுந்தியா கரையிலிருந்து "போதும் வாங்க, போதும் வாங்க" என்று அழாத குறையாகக் கூப்பிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து உதடு வெளிறி, பல் கிட்டி வெளியே வந்தார். நான் கரையிலேயே நின்றேன். மறுநாளும் கயிற்றில் கொக்கி கட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிடைக்கவே இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது மாமனார் சொன்னார்: "என்ன இருந்தாலும் பெரிய மாப்பிள்ளை செஞ்சதுதான் நின்னுதுங்க. அனுபவம்னு ஒண்ணு இருக்குதல்லங்க."

எத்தனை மாதமாக இப்படி ஒரு வார்த்தைக்காக ஏங்கியிருந்தேன். சகலை எதிர்ப் பந்தியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஆமாம் என்று தலையாட்டினார். நான் குனிந்து இலையைப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து, சகலை பஸ் பிடித்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். கையில் ஒரு பை. அதில் இரண்டு சிரிஞ்சுகளும் நடுவில் மோட்டாரும் சேர்ந்த அமைப்பு. ஒன்று பழுதானால் இருக்கட்டும் என்று செய்து வைத்திருந்தாராம்.

"எனக்கு இனி ஆகாதுங்கண்ணா. மறுபடியும் முதல்ல இருந்து செய்ய மனசு வரலை. இதை உங்களுதுல மாட்டுனா நேரா முங்கும்" என்றார்.

அதை என் மேசையில் வைத்து, எங்கே பொருத்தலாம் என்று அளந்து பார்க்கவும் ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, அளக்காதீங்க" என்றேன். நூலைப் பார்த்தேன், தெரிந்தேதான் மூடினேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். கத்துவார், போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோய்ப் பார்த்தீங்கல்ல, அப்பவே ஏதோ இருக்குதுன்னு நினைச்சேனுங்க. வாங்கிப் பார்க்கலாம்னு கை வந்துச்சு. நீங்க ஒண்ணுமில்லைன்னு சொன்னதும் விட்டுட்டேன்" என்றார். பிறகு, "ஏனுங்கண்ணா அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"நீங்க என்னைவிட நல்லா செஞ்சுட்டீங்க" என்றேன்.

என் மனைவி கொண்டுவந்த டீயைக் குடித்தார். மாமனாரிடம் சொல்ல வேண்டாம், பொம்பளைங்களுக்குள் மனஸ்தாபம் வந்துவிடும் என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்த பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பின் பல மாதங்கள் அவரிடமிருந்து போன் வரவில்லை. அவர் வந்துபோன அன்று சாயங்காலமே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தீபாவளிக்கு மாமனார் வீட்டில் எல்லோரும் சேர்ந்தபோது, வந்திருந்த சொந்தக்காரர்களிடம் மாமனார் அந்தக் கதையை மறுபடி எடுத்தார். சின்னவருடையது முழுகிப் போனது, பெரியவருடையது நின்றது. சகலை தன்பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னால் இரண்டாவது முறை குனிந்து இலையைப் பார்க்க முடியவில்லை. "அது தானா முழுகலைங்க மாமா" என்று ஆரம்பித்து, பந்தியிலேயே முழுவதையும் சொல்லி முடித்தேன். மாமனார் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "ரசம் கொண்டாம்மா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். அந்த வீட்டில் அந்தக் கதையை அதற்குப் பிறகு அவர் சொன்னதே இல்லை. எது பழுதானாலும் என்னை முதலில் கூப்பிடுவதும் இல்லை. அது நியாயம்தான்.

கை கழுவும் இடத்தில் சகலை பக்கத்தில் வந்து நின்றார். "வேண்டாம்னு சொன்னேனல்லங்கண்ணா" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "சரி, அந்த மோட்டாரை மாட்டுனீங்களா இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த மாதம் வருகிறேன் என்றார். வந்தார். சேர்ந்து மாட்டினோம். அடுத்த வருடம் அவரும் புதிதாக ஒன்று செய்தார், முன்னதைவிடப் பெரியதாக. அது முழுகுவதைப் பார்க்கும்போது இப்போதும் எனக்குப் பொறாமை வருகிறது. அதை மறைப்பதில்லை. "வயிறு எரியுதுங்க" என்று அவரிடமே சொல்லிவிடுகிறேன். அவர் சிரிக்கிறார்.

யாராவது என்னைப் பாராட்டிச் சொல்ல வேண்டும் என்று அத்தனை நாள் காத்திருந்த நான், என்னைவிடக் கைத்திறன் உள்ள ஒருவர் தன் ஏழு மாத உழைப்பை நம்பி என் கையில் கொடுத்ததுதான் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு என்பதை, அதைக் கெடுத்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.