காகம் இல்லாத மலை

நல்லெண்ணெயில் தோய்த்த கறுப்புத் துணி எரிகிற மணம்தான் எனக்கு ரொறொன்ரோவின் இலையுதிர்காலம். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் கோயிலில் என் குளிரங்கியில் ஏறுகிற அந்தப் புகை, பனி கொட்டத் தொடங்கும்வரை இறங்காது. வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒருத்தி, உங்கள் வீட்டில் தீப்பிடித்ததா என்று கரிசனையோடு கேட்டிருக்கிறாள். எள்ளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, எண்ணெயில் ஊறவைத்துச் சனீஸ்வரனுக்கு எரிப்பதை அந்த வயதில் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பாவும் அவருடைய தம்பியும் ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மேலே அப்பா, அம்மா, நான். கீழே "பேஸ்மென்ற்" என்று நாங்கள் சொல்லும் நிலவறையில் சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மகள் ரமணி. எனக்குப் பதினொரு வயது, ரமணிக்குப் பன்னிரண்டு; அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு அவள் என்னை ஆண்ட கதை தனி. சமைக்கிற குசினி மேலே ஒன்றுதான் இருந்தது என்பதால் இரண்டு குடும்பத்துக் கதையும், சண்டையும், தீர்மானமும் அந்த மேசையைச் சுற்றித்தான் நடக்கும்.

ஒரு செப்டெம்பர் மாலை சித்தப்பா அந்த மேசையில் ஒரு கதவுத் திறப்பையும், ஒரு படத்தையும், பென்சிலால் வழி கீறிய ஒரு காகிதத்தையும் வைத்தார். மிசிசாகாவில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவரோடு வேலைசெய்த டோனி என்ற இத்தாலியக் கிழவருக்கு வடக்கே மலைப்பக்கத்தில் ஒரு மரவீடு இருந்தது. ஒக்ரோபர் நீண்ட விடுமுறைக்கு அவருடைய மகள் பிள்ளைப்பேற்றுக்கு நின்றதால் தனக்குப் போக ஏலாது, நீ உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போ, இலைகள் நிறம்மாறி நிற்கும், வருடத்தில் அந்த ஒரு கிழமைதான் என்று சொல்லித் திறப்பைக் கொடுத்துவிட்டாராம். படத்தில் ஒரு சிறிய வீட்டைச் சுற்றி மரங்கள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய் நின்றன. சித்தி அதைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"பழுத்த இலை பாக்கவோ மூண்டு மணித்தியாலம் ஓடுறது? ஊரிலை உதைக் கூட்டி அள்ளியெல்லோ எரிச்சனாங்கள்!" என்றார்.

இருந்தாலும் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கொண்டுபோகிற சாமான்களுக்குப் பட்டியல் எழுதத் தொடங்கியவரும் சித்திதான். அந்தப் பட்டியல் மூன்று கிழமையாக வளர்ந்தது. இடியப்ப உரல், இடியப்பத் தட்டு பன்னிரண்டு, தேங்காய் துருவுகிற திருவலை, ஒரு மூட்டை அரிசி, கம்பளிகள், மலைக்குளிருக்கு மிளகு ரசத்தூள், கரடி வந்தால் தட்டுவதற்கு ஒரு பழைய சட்டி. எங்களுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? யாழ்ப்பாணம் ரொட்டிக்கல் போலத் தட்டையான நாடு. கொஞ்சம் மேடான நிலத்தைக் கண்டாலே எங்களவர்கள் மலை என்பார்கள். டோனியின் மலையும், பிறகு நான் கண்டபடி, மேடு என்று சொல்வதற்குக் கொஞ்சம் அதிகம், மலை என்பதற்குக் கொஞ்சம் குறைவு. ரமணியோ பாடசாலை நூலகத்தில் படப்புத்தகம் எடுத்துவந்து, எந்த மரம் எந்த நிறமாக மாறும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். நான் என் வாழ்க்கையில் அதுவரை எதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அம்மாதான் நாட்காட்டியைப் பார்த்தார். தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுத்த நாட்காட்டி அது. அந்த விடுமுறைச் சனிக்கிழமை, புரட்டாதியின் கடைசிச் சனி.

இதை வேறு வருடமென்றால் சமாளித்திருக்கலாம். அந்த வருடம் அம்மாவின் தம்பியிடமிருந்து, எங்கள் சிவம் மாமாவிடமிருந்து, எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்காட்டுப் பக்கம் இடம்பெயர்ந்தார் என்பதுவரை தெரியும், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. மாமாவுக்கு அட்டமத்துச் சனி என்று ஒரு சாத்திரி சொல்ல, புரட்டாதிச் சனி ஒன்றையும் விடாமல் அவருக்காக விரதம் இருப்பதென்று அம்மா நேர்ந்திருந்தார். "சனியைப் போலக் கொடுப்பாரும் இல்லை, கெடுப்பாரும் இல்லை" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். வெள்ளிக்கிழமை இரவெல்லாம் பாண் பேக்கரியில் வேலை. சனி காலை அங்கிருந்து நேரே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய் எள் எரித்து, வீட்டுக்கு வந்து முழுகிச் சமைத்து, சோற்றில் எள்ளும் நெய்யும் பிசைந்து காகத்துக்கு வைப்பார். சனீஸ்வரனின் வாகனம் அல்லவா! காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம். அதற்குமுன் சாப்பிட்டால் விரதம் விரதமில்லை.

ஊரில் அது ஒரு பிரச்சினையே அல்ல, சோறு வைக்குமுன்பே காகம் வேலியில் நிற்கும். ஸ்காபரோவில் காகத்துக்கு இந்த ஒழுங்கு தெரியாது. கடற்புறா வரும், அணில் வரும், பக்கத்து வீட்டுப் பூனையும் வந்து முகர்ந்து பார்க்கும். அம்மா பலகணிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கைதட்டிக் கலைத்துக்கொண்டிருப்பார். ஒரு சனி ஒரு மணிக்குக் காகம் வந்தது. அடுத்த சனி நாலரை மணி.

ஆகவே கணக்கு இப்படி இருந்தது. காகம் வரும்வரை வீட்டில் நின்றால் இருட்டுவதற்குள் மலைக்குப் போய்ச் சேர முடியாது. காலையில் கோயிலை முடித்துக்கொண்டு புறப்பட்டால் மதியத்துக்கு அங்கே போய்ச் சமைக்கலாம், ஆனால் அங்கே காகம் வேண்டும். மலையென்றால் மரம், மரமென்றால் காகம் என்று ரமணி வாதாடினாள். "பெரியம்மா, பொறஸ்ற் முழுக்க குரோஸ்தான், ஐ ப்றொமிஸ்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அம்மாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு இளக்கம் தெரிந்தது.

"எதுக்கும் அந்த மனுசனைக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ தம்பி. காகம் நிக்குமெண்டால் நானும் வாறன்" என்றார்.

சித்தப்பா அப்போதே குசினித் தொலைபேசியில் டோனியைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். மரவீட்டுப் பக்கம் காகங்கள் இருக்குமா என்று சித்தப்பா தன் நல்ல ஆங்கிலத்தில் கேட்டார். மறுமுனையில் டோனி உரத்துச் சிரிப்பது எங்களுக்கே கேட்டது. சித்தப்பா தொலைபேசியை வைத்தபோது அவருடைய முகம் சுருங்கியிருந்தது.

"ஒண்டும் இல்லையாம் மச்சாள். ஒரு காகம்கூட இல்லையாம். தேவாலயம் மாதிரி அமைதியாம், பயப்பிடாமல் போகட்டாம்."

காகத்தைத் தேடிப் போகிற விருந்தாளியை அந்தக் கிழவர் தன் வாழ்நாளில் கண்டிருக்க மாட்டார். விடிய விடியக் கத்தி நித்திரையைக் கெடுக்கும், குப்பையைக் கிளறும் என்று பயந்து கேட்கிறோம் என நினைத்து, எங்களை ஆறுதற்படுத்தவே அப்படி அடித்துச் சொல்லியிருக்கிறார். ஏன் கேட்கிறோம் என்று அவரிடம் சொல்லச் சித்தப்பாவுக்கும் தோன்றவில்லை. சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்திருக்கும்.

அம்மா அதைப் பெரிதாக எடுத்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ரை விரதத்துக்கு நான் ஒருத்தி நிண்டால் காணும்" என்றார். அப்பாவுக்கு அந்தச் சனி, ஞாயிறு இரண்டும் மேலதிக வேலை. அம்மா தனியாக நிற்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். நானும் நிற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயணம் கைநழுவிப் போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. சித்தப்பாவின் வான் வண்டி புறப்பட்டபோது அம்மா கோயிலால் இன்னும் வந்திருக்கவில்லை. அதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பதினொரு மணிபோலப் போய்ச் சேர்ந்தோம். இலைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் எழுதுவதற்கு மிச்சமில்லை. படத்தில் கண்டதைவிடச் சிவப்பு, அவ்வளவுதான். சித்திகூடக் குனிந்து ஒரு இலையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு நாங்கள் கூரையைப் பார்த்தோம். கூரை முகட்டில் காகங்களை விரட்டுவதற்காக டோனி ஒரு பெரிய பிளாஸ்ரிக் ஆந்தையை ஆணியடித்து நிறுத்தியிருந்தார். அந்த ஆந்தையைச் சுற்றி, அதன் தலையில் ஒன்று உட்பட, ஏழெட்டுக் காகங்கள் இருந்தன.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, சாமான்களை இறக்கப் போய்விட்டார்.

அன்று எல்லோருக்கும் மரக்கறிதான். சித்தி சமைத்து முடித்ததும் என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து முதற்பிடி சோற்றை எடுத்து, எள்ளுப்பொடி தூவி, வெளிமுற்றத்துக் கைப்பிடிப் பலகையில் வைத்தேன். இது அம்மாவின் சோறு, சிவம் மாமாவுக்காக என்று மனதுக்குள் சொன்னேன். மாமாவின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. அவர் சைக்கிளின் மணிச்சத்தம் மட்டும் நினைவிருந்தது. நான் கையை எடுக்கவும் காகம் இறங்கவும் சரியாக இருந்தது. ரமணி தன் புதுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ருவெல்வ் தேர்ட்டி" என்று ஒரு சாட்சியைப் போல அறிவித்தாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அந்த மூன்று நாளும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, காகம் நிண்டதெண்டு அம்மாவிட்டைச் சொல்லாதை. நானும் வந்திருக்கலாமே எண்டு மனம் நொந்துபோவா. நான் பொய் சொல்லி விட்டிட்டுப் போன மாதிரியும் இருக்கும்." அவர் குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நான் தலையாட்டினேன்.

அன்று மாலை உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டார், "அங்கை காகம் ஏதும் கண்டனியோ?"

"இல்லை."

"இஞ்சையும் வரேல்லை" என்றார் அம்மா.

அடுத்த சித்திரையில் வன்னியிலிருந்து கடிதம் வந்தது. மாமா எழுதிய கடிதமல்ல. ஐப்பசி பிறந்து பத்தாம் நாள் மலேரியாக் காய்ச்சலில் மாமா போய்விட்டார் என்று யாரோ ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அம்மா அதற்குப் பிறகு ஒரு புரட்டாதிச் சனியும் பிடிக்கவில்லை. நாங்கள் கேட்கவுமில்லை. கடைசிச் சனி காகம் வராததைத்தான் அவர் மனதில் வைத்திருக்கிறார் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அது உண்மையானால் அதைத் தீர்க்கிற வார்த்தை என்னிடம் இருந்தது. வருடம் ஏற ஏற, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்பதற்குப் பதில் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். சித்தப்பா ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப் போய்ப் பல வருடம். ரமணி வேறு நாட்டில். ஒரே குசினியில் இரண்டு குடும்பம் சமைத்ததைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. எள் எரித்த கோயில், அப்போது இருந்த பண்டகசாலையை விட்டுக் கோபுரத்தோடு கூடிய கட்டடத்துக்குப் போய்விட்டது. டோனி இறந்து, மரவீடும் கைமாறி, அந்த இடத்தில் ஒரு பெரிய விடுதி நிற்கிறது. சென்ற ஒக்ரோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவை அந்தப் பக்கம் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மேட்டிலிருந்த ஒரு மர வாங்கில் இருவரும் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இனியும் சொல்லாவிட்டால் எப்போது என்று, காகங்களையும், ஆந்தையையும், சித்தப்பா கேட்டுக்கொண்டதையும், நான் வைத்த பிடி சோற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அம்மா கோபிக்கவில்லை. "நான் விரதத்தை விட்டது காகத்தாலை இல்லைப் பிள்ளை" என்றார். "அண்டைக்கு நான் பொறுக்கேல்லை. இரவு வேலை, கோயில், சமையல். சோத்தை வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டன், தலை சுத்திச்சுது. குசினிக்கை போய் நிண்டபடியே அள்ளிச் சாப்பிட்டிட்டன். ரெண்டு மணி இருக்கும். அவனுக்காக ஒரு நாள் பசி கிடக்க என்னாலை ஏலாமல் போச்சு. அப்பாவுக்கும் சொல்லேல்லை, ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

நான் அவர் கையைப் பிடித்தேன். அம்மாதான் பிறகு கேட்டார், "நீ வைச்சதைக் காகம் எத்தினை மணிக்குச் சாப்பிட்டது?"

"பன்னிரண்டரை, அம்மா. ரமணி மணிக்கூடு பாத்தவள்."

"பன்னிரண்டரை" என்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அப்ப நான் காகம் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டிருக்கிறன்."

அதற்குப் பிறகுதான் அவர் மரங்களைப் பார்த்தார்.