அப்பா யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை

எங்கள் அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நான் எழுதியிருப்பது உறவினர் சிலருக்குக் கசக்கும். ஆனாலும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் அப்பா இளைய மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைப் பெரியப்பாதான் வளர்த்தார். அண்ணன் எதிரில் அப்பா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

நாற்பத்திரண்டில் ஆகஸ்ட் போராட்டத்தின்போது சங்ககிரிப் பக்கம் ரயில் பாதையோரத் தந்திக் கம்பிகளை அப்பாவும் நாமகிரிப்பேட்டை நண்பர் ஒருவரும் அறுத்தார்கள். அப்பா மட்டும் பிடிபட்டார். கூட வந்தவன் யார் என்று கேட்டு அடித்த அடியில் அவருக்கு இடது காது கேட்காமல் போயிற்று. அப்போதும் பெயரைச் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் திடீரென்று அவரை விடுதலை செய்தார்கள். அடுத்த வாரமே நண்பரைப் பிடித்துப் போனார்கள். இரண்டு வருடச் சிறை. பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கக்கூட அவரை விடவில்லை.

வெளியே வந்த நண்பர் அப்பாவோடு பேசவில்லை. சுதந்திரம் வந்த அன்று கொடியேற்றிய இடத்தில் அப்பா பக்கத்தில் போய் நின்றதும் விலகிப் போனார். "செயில்ல ரொம்ப நொந்துட்டாரு" என்று மட்டும் அப்பா சொன்னார்.

ஐம்பதுகளின் கடைசியில், தியாகிகளுக்கு நிலம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவை விண்ணப்பிக்க வைத்தவள் நான். விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. காரணம் கேட்கச் சேலத்துக்குப் போனோம். எழுத்தர் பழைய கட்டைப் பிரித்து, இதுதான் காரணம் என்று ஒரு மனுவை நீட்டினார். அப்பாவுக்குக் கண்ணில் புரை, நான்தான் வாசித்தேன். தம்பி அறியாமல் செய்த பிழையைப் பொறுத்து அவனை விட வேண்டும் என்றும், கூட வந்தவர் இன்னார் என்று தம்பியே சொன்னதாகவும் எழுதியிருந்தது. கீழே பெரியப்பாவின் கையெழுத்து. அந்த நண்பர் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை உண்டு உறங்கியவர். பெரியப்பாவுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா நேரே அண்ணனிடம் போனார்.

"ஏனுங்கண்ணா, அந்த மனு நீங்க எழுதுனதுங்களா?"

பெரியப்பா மறுக்கவில்லை. "உன்னெ வெளிய கொண்டாரோணுமே சாமி. வேற என்ன பண்றது?"

"நான் சொன்னேன்னு எதுக்குங்க எழுதுனீங்க?"

"அப்பத்தானே போலீசு நம்பும்."

அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் நாமகிரிப்பேட்டை போனோம். "நான் சொல்லலீங்க" என்றார் அப்பா. "அப்ப வேற யாரு சொன்னது?" என்று நண்பர் கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். நண்பர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெரியப்பா இறந்தபோது அப்பா பாடைக்குத் தோள் கொடுத்தார். அதுவரை அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது ஒருநாள் என்னிடம், "நான் அடி வாங்குனதெல்லாம் வீணாப் போச்சு கண்ணு" என்றார்.

நோயில் உடனிருந்து பார்த்த மருத்துவருக்கும், இறுதிச் சடங்கில் துணை நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அந்த நண்பரிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார். "உங்கப்பன் மொகத்தெப் பாக்காமயே உட்டுட்டனே சாமி" என்றார். திதிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலுக்குப் போய் அவரைக் கைகூப்பி அழைத்து வரும்படி பெரியப்பாவின் மக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.