வனமாமலை கழித்துப்போட்ட வானம்

வனமாமலைக்கு இரண்டு கண். இரண்டும் கம்பெனிக்குத்தான் சொந்தம். வல்லம் வடகாலில் கார் கதவுக் கைப்பிடி செய்யும் தொழிற்சாலையில் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் மேஜை அவனுடையது. பெல்ட்டில் வருகிற கைப்பிடியை எடுத்து விளக்குக்குக் கீழே திருப்புவான். மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் சிவப்புத் தொட்டிக்குள் வீசிவிடுவான். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த நாள் முதல் இதே வேலை. ஹோட்டலில் தோசை வைத்தால்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிய்ப்பான். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததால்தான் அந்தச் சம்பந்தம் நின்றது என்று அவனோடு அறையில் தங்கியிருக்கும் இசக்கிதுரை சொல்லுவான். இசக்கிதுரை சொல்வதில் பாதியை நம்பலாம்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு வானத்தின் மேல் ஆசை வந்தது. யூட்யூபில் ஒருவர் ஓரியன் நெபுலா என்று வானத்து வாயுமேகம் ஒன்றின் படத்தைக் காட்டினார். ரோஜாப்பூவைப் புகையில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. ‘நகரத்து மொட்டைமாடியிலிருந்தே எடுக்கலாம்’ என்று வேறு சொல்லிவிட்டார். குன்றத்தூரில் கல்யாண ஸ்டூடியோவை மூடிய ஒருவரிடம் பழைய கேமராவும் முக்காலியும் வாங்கிக்கொண்டு வந்து மொட்டைமாடியில் நின்றான் வனமாமலை.

அவர்கள் அறை எடுத்திருந்த பென்னலூரில் முழு இருட்டு என்று ஒன்று கிடையாது. தொழிற்சாலை விளக்கு, லாரி ஷெட் விளக்கு, நெடுஞ்சாலை விளக்கு எல்லாம் சேர்ந்து வானத்தை ஊறுகாய் எண்ணெய் நிறத்தில் வைத்திருக்கும். நிலாவே கூச்சப்பட்டுக்கொண்டுதான் வரும். ஆனாலும் மார்கழியில், சாப்பாட்டு நேரத்துக்குக் கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக ஏறிவிடும். அதற்குப் பக்கத்தில்தான் நெபுலா. அந்தக் கிழக்கில், ஒரு காம்பவுண்டு தள்ளி, பெண்கள் ஹாஸ்டல். அவர்கள் துணி காயப்போடும் கொடிக்கு நேர் மேலேதான் நெபுலா வந்து உட்கார்ந்தது. நெபுலாவுக்கு என்ன தெரியும்?

வழிமுறை எளிது. ஒரு படத்தில் ஒன்றும் தெரியாது. அதே இடத்தை நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அழுக்கு அடங்கி, மங்கலாக இருப்பது மேலே எழும்பும். வனமாமலைக்கு இது புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை. எடுத்த படத்தை உடனே பெரிதாக்கிப் பார்ப்பான். இதில் நட்சத்திரம் வட்டமாக இல்லை, ரிஜெக்ட். இதில் விமானம் கோடு போட்டுவிட்டது, ரிஜெக்ட். இது லேசாக ஆடியிருக்கிறது, ரிஜெக்ட். ஒரு வாரம் இப்படியே போனது. தேறியது மூன்றே மூன்று படம். அடுக்கிப் பார்த்தால் ஆரஞ்சு மிட்டாய்.

“ஏலே, இதை எடுக்க வானம் எதுக்கு? கேசரித் தட்டைப் பிடிச்சிருக்கலாம்லா” என்றான் இசக்கிதுரை.

அந்த வாரக் கடைசியில் மாடிப்படியில் டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது. முன்னால் ஹாஸ்டல் வார்டன் லூர்தம்மாள். அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. பின்னால் வீட்டுக்காரர் கோதண்டம், லுங்கியை மடித்துக் கட்டியபடி.

“இன்னாபா வனமாமலை, பகல்ல சாமியார் மாதிரி கீற. பொழுது போனா லேடீஸ் ஹாஸ்டல் பக்கம் கேமராவ திருப்பிக்கினு நிக்கிறியாமே?”

“அண்ணாச்சி, நட்சத்திரம்லா எடுக்கேன்!”

“அப்ப காட்டு.”

காட்டினான். மூன்று ஆரஞ்சு.

“ஒரு வாரமா நின்னு மூணு போட்டோவா? மீதி எங்க?” என்றார் லூர்தம்மாள்.

“அழிச்சிட்டேன் மேடம்.”

இதைவிட மோசமான பதில் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது.

“ஏன் அழிச்ச?”

“ஒண்ணும் நல்லா இல்ல மேடம்.”

“கேட்டீங்களா கோதண்டண்ணே, எங்க பொண்ணுங்க நல்லா இல்லியாம்!”

கோதண்டம் முடிவெடுத்துவிட்டார். “காலைல ரூம காலி பண்ணிடு. இந்தக் கதையெல்லாம் என் வூட்ல வேணாம்.” லூர்தம்மாள் தன் பங்குக்கு, அவன் கம்பெனியில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். வனமாமலை மனசுக்குள் கணக்குப் போட்டான். வேலை போனால் வேறு வேலை. ஊருக்கு இந்தக் காரணம் போய்ச் சேர்ந்தால், அவன் அப்பா டீக்கடைப் பக்கம் எப்படி நடப்பார்?

“மேடம், இப்பவே உங்க கண்ணு முன்னால எடுக்கேன். நீங்க இங்கனயே இருங்க. படம் வரலேன்னா நானே போயிருதேன்.”

லூர்தம்மாள் நாற்காலி கேட்டார். வந்தது. கேமரா தானாகக் கிளிக், கிளிக் என்று எடுக்க ஆரம்பித்தது. முதல் படம் திரையில் தெரிந்ததுமே வனமாமலையின் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போனது. இசக்கிதுரை பட்டென்று அடித்தான்.

“கைய வச்ச, ஒடிச்சிருவேன். இது கம்பெனி இல்லலே. அழிச்சியன்னா ரெண்டு பேருக்கும் தெருதான்.”

விமானம் போனது. வனமாமலை பல்லைக் கடித்தான். கன்டெய்னர் லாரி ஒன்று போய் மாடியையே உலுக்கியது. கண்ணை மூடிக்கொண்டான். ஹாஸ்டல் கொடியிலிருந்து ஒரு துப்பட்டா எழும்பிப் படத்துக்குள் வந்துவிட்டுப் போனது. பிரசவ வார்டு வாசலில் நிற்பவன்போல் முனகினான். ஆடியது, கோணியது, கோடு விழுந்தது, ஒன்றையும் தொடவில்லை.

கோதண்டம் எட்டிப் பார்த்தார். “எல்லாம் ஒரே போட்டோவா கீதேபா. கேமரா ரிப்பேரா?”

அத்தனையையும் இசக்கிதுரையின் லேப்டாப்பில் ஏற்றினார்கள். அது பழைய மிக்ஸிபோல் உறுமியது. லூர்தம்மாள் கொட்டாவி விட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு படம் வந்தது. வனமாமலை ஆரஞ்சைக் குறைத்து, வெளிச்சத்தை மெல்ல இழுத்தான். கறுப்பு எழும்பியது. அதற்குள் பொடிப்பொடியாக நட்சத்திரம். வரிசையாக நின்ற அந்த மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவு, இளஞ்சிவப்பாக ஒரு திட்டு.

வனமாமலைக்குப் பேச்சு வரவில்லை.

கோதண்டத்துக்கு வந்தது. “யாரோ வெத்தல போட்டுத் துப்புன மாதிரி கீது.”

லூர்தம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூலைமூலையாகத் தேடினார். ஒரு பெண்ணும் இல்லை, துப்பட்டாகூட இல்லை. வனமாமலையை மேலும் கீழும் பார்த்தார்.

“இதுக்கா ஒரு வாரம்?”

“ஆமா மேடம்.”

“கோதண்டண்ணே, விட்டுடுங்க. பொண்ணுங்கள படம் எடுக்குற அளவுக்கு இந்தத் தம்பிக்குத் தெறம பத்தாது.”

தீர்ப்பு அப்படித்தான் வந்தது. கோதண்டம் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, காலையில் தண்ணீர் மோட்டாரைச் சீக்கிரம் போடவேண்டும் என்றபடி கீழே போனார். லூர்தம்மாள் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, அங்கேயே நின்று ஹாஸ்டல் குரூப்புக்குக் குரல் செய்தி பேசினார். பென்னலூர் பாதிக்குக் கேட்டிருக்கும்.

“பொண்ணுங்களா, எதுத்த மாடியில ஒரு பையன் நிக்கிறான். பயப்படாதீங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். படம் அனுப்பிருக்கேன், பாத்துக்கோங்க.”

மறுநாள் சாயங்காலம் வனமாமலை முக்காலியை விரித்தபோது, எதிர் மாடியின் கைப்பிடிச் சுவர் முழுக்கத் தலைகள்.

“அண்ணா!” என்று ஒரு குரல் கத்தியது. “இன்னைக்காவது தெளிவா வருமா?”

“மேகமா இருக்கும்மா!” என்று திருப்பிக் கத்தினான். “ஆனாலும் எடுக்கேன்!”